சாரலும் சரளும்

தென்காசிப் பக்கத்தில் இரண்டு வார்த்தைகள் ரொம்பப் பிரசித்தம். ஒன்று சாரல். இன்னொன்று சரள். ஒரு காலும் ஒரு லகரமும்தான் வித்தியாசம். சாரலில் நனைய ஜூன் பிறந்ததும் ஊர் ஊராக வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். சரளைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை, லாரியில் அள்ளுகிறவர்களைத் தவிர.

சரள் என்பது செம்மண்ணும் பொடிக்கல்லும் தானாகக் கலந்து கிடக்கிற மண். எஸ்டிமேட் போடுகிற இன்ஜினீயர் அதை 'கிராவல்' என்பார். தண்ணீர் தெளித்து ரோலர் விட்டு அழுத்தினால் கெட்டிப்பட்டுவிடும். மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை ஓரமாக வழித்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை குழியை நிரப்பி, நடுவில் கொஞ்சம் மேடாக விட்டால் போதும், பாட்டுக்குக் கிடக்கும். இத்தனை நல்ல குணம் இருந்தும், நம் ஊரில் கிராவல் ரோடு என்றால் 'இன்னும் தார் போடாத ரோடு' என்றுதான் அர்த்தம். பத்தாவதில் ஃபெயிலான பையனைப் பார்ப்பது போல அதைப் பார்ப்பார்கள்.

அதே கிராவலுக்கு இப்போது பெருநகரங்களில் ஏகப்பட்ட மவுசு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு சின்ன ஊர். அங்கே 2006-ல் சிலர் சேர்ந்து சரள் ரோட்டில் 200 மைல் சைக்கிள் பந்தயம் விட்டார்கள். அது பற்றிக்கொண்டது. 2022-ல் இத்தாலியில் கிராவல் சைக்கிளுக்கென்று தனி உலக சாம்பியன்ஷிப்பே வந்துவிட்டது. கடைகளில் 'கிராவல் பைக்' என்று தனி ரகம் விற்கிறார்கள். வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், அகலமான டயர். விலை அரை லட்சத்தில் ஆரம்பித்து, கார் வாங்குகிற அளவுக்குப் போகிறது. அந்த அகல டயர் எவ்வளவு அகலம் என்று பார்த்தேன். 38 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. நம் பால்காரர் கேனை மாட்டிக்கொண்டு மிதிக்கிற பழைய 28 இஞ்ச் சைக்கிளின் டயர் ஒன்றரை இஞ்ச். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், அதுவும் 38 மில்லிமீட்டர்தான். அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஹெர்குலிஸ் என்ற பெயரில் கிராவல் பைக்கைத்தான் இத்தனை காலம் விற்றிருக்கிறது. அவர்களுக்கே தெரியாது!

பைக் வாங்கியாயிற்று. ஓட்ட இடம்? சென்னையில் விடிவதற்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிற கார்களைப் பாருங்கள். பின்னால் கம்பி அடித்து இரண்டு சைக்கிள் தொங்கும். சைக்கிள் ஓட்டுவதற்கு முதலில் கார் வேண்டும் என்ற நிலைமை. இவர்களைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. அதில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் 4,800-க்கு மேல். ஏழு மணிக்கு மேல் அந்த ரோட்டில் சைக்கிள் விடப் பயப்படுகிறவரை நான் கோழை என்று சொல்லமாட்டேன். வண்டி வாகனம் வராத மண்பாதை நகரத்துக்குப் பக்கத்திலேயே எங்கேயாவது இருக்குமா என்று அவர்கள் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

என் சண்டை அவர்களோடு இல்லை. அந்தப் பாதைகளை வைத்திருந்து தொலைத்தவர்களோடும், தொலைத்ததையே கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுசாகக் கட்டித் திறப்பு விழா நடத்துகிறவர்களோடும்தான். அதற்கு முன்னால், தொலையாத பாதை எப்படி இருக்கும் என்று காட்டவேண்டும். அதனால் பண்பொழிக்குப் போவோம்.

செங்கோட்டைக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கிற பேரூர் பண்பொழி. திருமலைக் குமாரசுவாமி கோயில் உச்சியில் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். மேற்கே மேக்கரை. அங்கே அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை, 132 அடி. அதையும் தாண்டினால் கேரளத்து அச்சன்கோவில். கிழக்கே வடகரை, அச்சன்புதூர், இலத்தூர் என்று வயலும் குளமுமாக விரியும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பிரிந்து குளத்துக்குப் போகும், ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். கார், பிசானம் என்று இரண்டு போகமும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

குளம் என்று இருந்தால் கரை என்று ஒன்று இருந்தாக வேண்டும். கரை என்று இருந்தால் அதன்மேல் ஒருவர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எங்கே கசிகிறது, எந்த மடை அடைத்திருக்கிறது, எவன் கரையை வெட்டியிருக்கிறான். இதற்காகவே கரையின் தலையை ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சமமாக விட்டு, சரள் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஓரத்தில் பனை. பனை அழகுக்கு நட்டதில்லை, வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்று நட்டது. கரை ஏறி இறங்காது, ஒரே மட்டம். தண்ணீருக்குத் தெரிந்த ஒரே இன்ஜினீயரிங் மட்டம் பார்ப்பதுதானே? குளத்தைச் சுற்றிப் போவதால் திருப்பங்கள் எல்லாம் நிதானமாக வளையும். சைக்கிளுக்குப் பாதை போடுகிறவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிற இலக்கணம் இதுதான்: மேடு பள்ளம் கூடாது, திடீர்த் திருப்பம் கூடாது, மோட்டார் வண்டி கூடாது, நிழல் வேண்டும். நம்மாள் சைக்கிள் என்ற சாமானே கண்ணில் படாத காலத்தில் இதைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதில் யார் போகிறார்கள்? கிராவல் பைக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைக் கேரியரில் செருகிக்கொண்டு வயலுக்குப் போகிறவர். புல்லுக்கட்டோடு திரும்புகிற அம்மா. முக்கியமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 2001-02-ல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் இருக்கிறதே, அந்தச் சைக்கிள்கள் உயிரோடு ஓடுகிற இடம் இந்தக் கரைகள்தான். லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுத்த அரசாங்கம் அது எந்த ரோட்டில் ஓடும் என்று யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே யோசித்துக்கொண்டார்கள்.

ஏன் கரை வழியாகப் போகிறீர்கள் என்று வடகரைப் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டேன். சுற்றுத்தானே?

"சுத்துதான் அண்ணாச்சி. மெயின் ரோட்டுல போனா அஞ்சு நிமிசம் மிச்சம். கரையில போனா உசுரு மிச்சம்லா."

மெயின் ரோட்டில் என்ன என்று தென்காசிக்காரர்களிடம் கேட்கவேண்டியதே இல்லை. கல்லும், ஜல்லியும், எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகள். இவற்றுக்கு எதிராக மறியல், மனு எல்லாம் நடந்திருக்கிறது. மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. பிறந்த நாளிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு வருகிற பழைய மனுக்களில் இதுவும் ஒன்று. மலையை உடைத்து ரோட்டு வழியாகக் கொண்டுபோவதால் ரோட்டில் போக முடியாதவர்கள் குளத்துக்கரைக்கு வந்து சேருகிறார்கள். ஊர்க் கல் ஊரை விட்டுப் போகிற வேகத்துக்கு ஒதுங்கி நிற்பதுதான் இங்கே சைக்கிள் பாதையின் வரலாறு.

இந்தக் கரைப் பாதைகள் சொர்க்கம் என்று கதை விட மாட்டேன். ஐப்பசி மழையில் சில இடத்தில் சகதி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும். கருவேலமுள் டயரைக் கேட்காமலே குத்தும். மேற்கே மலைப்பக்கம் போனால் தோப்புக்கு இறங்கி வருகிற யானையும் பன்றியும் உண்டு, விடியக்காலை சைக்கிள் சவாரிக்கு அது தோதான திசையே இல்லை. ஆள் அரவம் இல்லாத கரையில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தத் தாயும் யோசிப்பாள். பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்துதான் போகிறார்கள். இதையெல்லாம் சொல்லாமல் பனைமரத்தையும் கொக்கையும் மட்டும் வர்ணித்துவிட்டுப் போவது டூரிஸ்ட் பாம்ப்லெட்டின் வேலை.

இனி புதுசாகக் கட்டினதைப் பார்ப்போம். நல்லதாகவே ஒன்றை எடுத்துக்கொள்வோம். மட்டமானதை எடுத்து அடிப்பது சுலபம். ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023 அக்டோபர் 1-ம் தேதி ஒரு சைக்கிள் டிராக் திறந்தார்கள். 23 கிலோமீட்டர், நாலரை மீட்டர் அகலம், மூன்று தடம், தலைக்கு மேலே முழுக்க சோலார் கூரை. அதிலிருந்து 16 மெகாவாட் மின்சாரம். செலவு சுமார் 100 கோடி ரூபாய். தென்கொரியாவில் இப்படி ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தது. வெயிலுக்குக் கூரை போட வேண்டும் என்று தோன்றினதற்கே ஒரு சபாஷ் போடலாம். இந்த தேசத்தில் மற்ற சைக்கிள் டிராக்குகள் எல்லாம் காஷ்மீரில் இருப்பது போலத்தான் கட்டியிருக்கிறார்கள். ராத்திரி விளக்கு உண்டு. லாரியும் பஸ்ஸும் குறுக்கே வராது.

எல்லாம் சரி. இது எங்கேயிருந்து எங்கே போகிறது? எட்டு வழிச் சாலையின் ஓரமாகப் போய், அதே எட்டு வழிச் சாலையின் ஓரத்தில் முடிகிறது. அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் யாருக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது? எந்தப் பால்காரர் அங்கே போவார்? போகிறவர் சைக்கிளைக் காரில் கட்டிக் கொண்டுவந்து, பார்க்கிங்கில் விட்டு, 23 கிலோமீட்டர் மிதித்து, திரும்பக் காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். ஜிம்மில் இருக்கிற சைக்கிளை நீளமாக இழுத்துவிட்டால் அதுதான் இந்த டிராக். உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. போக்குவரத்து என்று அதைச் சொல்லக்கூடாது.

நம் கோயம்புத்தூரும் இதில் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்தின் கரையை நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு என்று ஜோடித்தார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக ஜனம் வருகிறது. சந்தோஷம். ஆனால் குளத்துக்கரை என்பது ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போகிற வழி. அதைப் பூங்காவாக்கிவிட்டால் சுற்றி வரலாம், எங்கேயும் போகமுடியாது.

சென்னை விஷயம் இன்னும் சோகம். ஏனென்றால் சென்னையிடம் இருந்தது சாதாரணச் சொத்து இல்லை.

பக்கிங்ஹாம் கால்வாய் என்றால் இன்றைக்கு மூக்கைப் பொத்துவோம். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டியதில் ஆரம்பித்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டரை வெட்டினார்கள். பசித்த ஜனங்கள் வெட்டிய கால்வாய்க்கு 1878-ல் கவர்னர் பெயர் வைத்தார்கள்! கடைசியில் ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. இதில் படகு எப்படிப் போயிற்று? காற்று இருந்தால் பாய், ஆழமில்லாத இடத்தில் கழி, மற்றபடி கரையில் ஆள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பான். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாயில் படகில் போனதைப் பாடுகிற கவிதைதான். கயிறு இழுக்கிறவன் பாடும் அதில் வருகிறது. அவன் நடக்க வேண்டுமானால் கரையில் பாதை வேண்டும். தடங்கலில்லாத பாதை, மட்டமான பாதை. நகரத்தின் நடுவிலிருந்து கிளம்பி, திருவான்மியூர் தாண்டி, கோவளம் தாண்டி, மரக்காணம் வரை. இன்றைக்கு ஈ.சி.ஆருக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவில் அது ஓடுகிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் சீறுகின்றன. நடுவே வண்டி வராத ஒரு கோடு. சைக்கிள்காரர்கள் காரில் ஏறித் தேடிக்கொண்டு போகிற இடம் அவர்கள் தாண்டிப் போகிற பாலத்துக்குக் கீழேயே இருந்தது.

புயல்கள் கால்வாயை உடைத்தன, சாக்கடை நிறைத்தது. கடைசியில் 1995-ல் தொடங்கி 2007-ல் வேளச்சேரி வரை எட்டிய பறக்கும் ரயிலுக்குத் தூண் நட வேறு இடம் கிடைக்கவில்லை என்று கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். நிலம் எடுக்கிற செலவு மிச்சம். 2008-ல் இதே கால்வாயைச் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்ததும் நடந்தது. தூணுக்கு நடுவில் கப்பல் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

இதே கதை வாஷிங்டனில் வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்கத் தலைநகரின் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலேண்டில் கம்பர்லேண்ட் என்ற ஊர் வரை ஒரு படகுக் கால்வாய், செசபீக்-ஒஹாயோ கால்வாய். 1828-ல் வெட்ட ஆரம்பித்தது, 184.5 மைல். கரையில் கோவேறு கழுதைகள் படகை இழுத்தன. ரயில் வந்ததும் நொடித்து, 1924 வெள்ளத்தோடு படுத்துவிட்டது. நம்ம பக்கிங்ஹாமுக்கு அண்ணன் மாதிரி. 1950-களில் அதன் வழியாகக் கார் ரோடு போடலாம் என்று யோசனை வந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' 1954 ஜனவரியில் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். தலையங்கம் எழுதியவர் என்னோடு வந்து அந்தக் கரையில் நடந்து பார்க்கட்டும் என்றார். வழக்குப் போடவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. வா, நடந்து பார், அவ்வளவுதான். தலையங்கக்காரர்களும் வந்தார்கள்! மார்ச் குளிரில் எட்டு நாள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் நீதிபதியோடு சேர்த்து ஒன்பது பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. இன்றைக்கும் அந்தக் கழுதைப் பாதையில் கார் கிடையாது. நொறுக்கின கல்லும் மண்ணும்தான் தளம். தலைநகரத்தின் புறநகர்களை ஊடுருவி, கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், சைக்கிளில் போய்க்கொண்டே இருக்கலாம்.

இரண்டு கால்வாய்க்கும் என்ன வித்தியாசம்? பணம் என்பீர்கள். 1954-ல் அங்கே ரோடு போடப் பணம் இருந்தது, அதுதான் ஆபத்தாக இருந்தது. வித்தியாசம், அங்கே தீர்மானிக்கிற இடத்தில் இருந்தவர்களில் ஒருத்தராவது அந்தக் கரையில் நடக்கிற வழக்கமுள்ளவராக இருந்தார். நம் கால்வாய்க் கரையில் நடந்தவன் கயிறு இழுக்கிறவன். அவனிடம் யார் கேட்டார்கள்?

கால்வாயை விடுங்கள், ஏரிகள்? மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்து தியாகராய நகர் போட்டார்கள். இப்போதும் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பண்டும் இல்லை, வியூவும் இல்லை. அன்றைக்கு அதுதான் புறநகர். இன்றைய புறநகரில் எந்தக் கரையெல்லாம் ரோட்டுப் பெயராக மட்டும் மிஞ்சப்போகிறது என்பதைப் பிளாட் விளம்பரங்களைப் படித்தாலே சொல்லிவிடலாம். 'ஏரிக்கு மிக அருகில்' என்று போட்டிருப்பார்கள்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்குப் புத்தகத்துக் கோளாறாகத்தான் தெரிகிறது. ஒரு சொத்தை வாங்கின விலைக்குத்தான் ஏட்டில் காட்டுவார்கள். குளத்துக்கரைப் பாதைக்கு விலை கொடுக்கவில்லை; அதனால் ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்யம். கிராமக் கணக்கில் 'குளம் புறம்போக்கு' என்றோ 'வண்டிப்பாதை' என்றோ ஒரு வரி இருக்கும், அதோடு சரி. பூஜ்யத்தை யாராவது திருடினால் நஷ்டம் என்று எழுத முடியுமா? அதே இடத்தில் ஐந்து கோடிக்கு பேவர் பிளாக் பதித்தால் அது சொத்து. அதற்குக் கல்வெட்டு உண்டு, தணிக்கை உண்டு, ரிப்பேர் பட்ஜெட் உண்டு. புதுசாகச் செலவழித்தால் சாதனை, பழசைக் காப்பாற்றினால் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எந்த ஆபீஸர் தன் சர்வீஸ் புத்தகத்தில் 'இந்தக் கரையைக் கெடுக்காமல் விட்டேன்' என்று எழுதிக்கொள்ள முடியும்?

பண்பொழிப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வருகிறது. நியாயமான பதில். ஊர்க்காரர் ஒருத்தர் நேராகவே கேட்டார்.

"நீங்க மெட்ராஸ்லேருந்து வந்து மண்ரோடு அழகா இருக்குன்னு சொல்லுவீய. எங்க ஊட்டுல பிரசவ வலி வந்தா இந்தச் சகதியில ஆம்புலன்ஸ் வருமா வே?"

வராது. அதனால் வீட்டுக்குப் போகிற ரோட்டுக்குத் தார் போட்டே ஆக வேண்டும். 2000-ல் வந்த பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் எத்தனையோ ஊர்களுக்கு முதல் முறையாக பஸ்ஸைக் கொண்டுவந்தது. மண்ரோட்டின் அழகுக்காக ஒரு ஊரே சகதியில் கிடக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நான் சொல்வது குளத்துக்கரையைப் பற்றி மட்டும். ஆம்புலன்ஸ் குளத்துக்கரை வழியாக வரப்போவதில்லை. கரைக்குத் தார் போட்டதும் முதலில் வருவது லாரி. டோல்கேட்டுக்கோ செக்போஸ்ட்டுக்கோ கண்ணாமூச்சி காட்ட ஒரு குறுக்குவழி கிடைத்ததென்று வரும். நாலு டன் தாங்குகிற கரையில் நாற்பது டன் ஏறினால் கரை அமுங்கும். அமுங்கின இடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் கசியும். அப்புறம் குளம் உடைந்தது என்று பேப்பரில் வரும். ஆக, சைக்கிள் ஓட்டுகிறவனுக்காக இல்லாவிட்டாலும் நெல் போடுகிறவனுக்காக அங்கே மோட்டார் வண்டி ஓடக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே பாதை வேண்டியிருக்கிறது என்பது அபூர்வமான சௌகரியம். இதை ஏன் நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் கரைகளைப் பலப்படுத்துகிற திட்டம் வந்தது. பல குளங்களில் கரை அகலமாயிற்று, சரள் போட்டு உருட்டினார்கள். தெரிந்தோ தெரியாமலோ தமிழ்நாட்டில் அரசாங்கம் போட்ட மிக நீளமான சைக்கிள் பாதை அதுவாகத்தான் இருக்கும். திறப்பு விழாவில் சைக்கிள் என்ற வார்த்தையே வரவில்லை. வந்திருந்தால் பேவர் பிளாக்கும் வந்திருக்கும், வராததும் நல்லதுதான்.

கரைகளில் பனை நடுகிற திட்டம் 2021 வேளாண் பட்ஜெட்டில் வந்தது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். பனைக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு பனைக்குக் கீழே போகிற பாதைக்கு இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கரை ஏறுகிற இரண்டு முனையிலும் கல்தூண், நடுவில் ஒரு சங்கிலி, ஓரத்தில் சைக்கிள் நுழைகிற அளவுக்குச் சந்து. வருஷா வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நாலு லோடு சரள். புறநகர் ஏரிகளிலும் இதே ஏற்பாடு செய்யலாம். குடிநீர் ஏரி என்று பூட்டி வைத்திருக்கிற கரைகளைக் காலை ஒரு மணிநேரம், சாயங்காலம் ஒரு மணிநேரம் திறந்துவிட்டால், திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டுகிறவன் அங்கே வரமாட்டான். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் குப்பை லாரியைக் கவிழ்க்க முடியாது.

சங்கிலியைப் பூட்டினால் டிராக்டர் எப்படிப் போகும்? அறுப்பு மெஷின் எப்படிப் போகும்? இதுவும் நியாயமான கேள்வி. போகத்துக்கு இரண்டு தடவை உழவுக்கும் அறுப்புக்கும் கரை வழியாகப் போயே ஆக வேண்டிய வயல்கள் உண்டு. அப்போது திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2000-ம் ஆண்டே ஒரு சட்டம் போட்டு, பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுத்து, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வைக்க வழி செய்திருக்கிறார்கள். சாவி அந்தச் சங்கத் தலைவர் வீட்டு ஆணியில் தொங்கட்டும். எந்த டிராக்டர் என்றைக்கு ஏறுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். தாலுகா ஆபீஸில் சாவியைக் கொடுத்தால் லாரிக்காரருக்கு அதே சாவியில் நகல் எடுக்க ஒரு வாரம் போதும்.

கல்தூணுக்குக் கல்லுக்கு எங்கே போவது என்று மட்டும் தென்காசியில் யாரும் கேட்டுவிடாதீர்கள். புளியரைக்குப் போகிற வழியில் எந்த லாரியை நிறுத்தினாலும் கிடைக்கும்.